கிழ டிராக்டர்களின் இழுவைப் பந்தயம்: 20 அங்குலத்தில் இருக்கிறது உயிர்!

அமெரிக்காவில் கோடை முடியும் நேரம் வந்துவிட்டால், கிராமப் பக்கங்களில் கண்காட்சிகள் தொடங்கிவிடும்.

ஒரு பக்கம் பெரிய பூசணிக்காய்க்குப் பரிசு கொடுப்பார்கள். இன்னொரு பக்கம் கொழுத்த பன்றிக்குப் பரிசு கொடுப்பார்கள். பாட்டிமார்கள் செய்த பழப் பணியாரங்களுக்கும் பரிசு உண்டு.

இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு கூட்டம் மண் தரையைச் சுற்றி நிற்கும். அங்கே சிவப்பு, பச்சை, ஆரஞ்சு வண்ணங்களில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் வயது 70, 80 இருக்கும். சிலவற்றுக்கு 90-ம் இருக்கும்.

அந்தக் கிழ டிராக்டர்களுக்குப் பந்தயம்!

இது ஓட்டப் பந்தயம் அல்ல; இழுவைப் பந்தயம். டிராக்டருக்குப் பின்னால் ஒரு பாரத்தைச் சங்கிலியால் மாட்டுவார்கள். எந்த டிராக்டர் அதை அதிக தூரம் இழுத்துப் போகிறதோ, அதற்கு வெற்றி.

ஜெயித்தவருக்குச் சிறிய கோப்பை ஒன்று கிடைக்கும். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு டிராக்டருக்கு ஒரு டயர்கூட வாங்க முடியாது. ஆனாலும் தாத்தா உழுத டிராக்டரைப் பேரன் துடைத்து, எண்ணெய் போட்டு, லாரியில் ஏற்றிக் கொண்டு வருகிறான். தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட சிநேகிதமான விளையாட்டில் உயிருக்கு ஆபத்து உண்டு என்றால் பலர் நம்பமாட்டார்கள். "மனிதன் நடக்கும் வேகத்தில் போகிற வண்டி, யாரைக் கொல்லப் போகிறது?" என்று கேட்பார்கள்.

கொல்லும். வேகத்தால் அல்ல. போக முடியாமல் நிற்பதால்!

குதிரைகள் போன கதை

1920-ல் அமெரிக்காவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து சுமார் 2½ கோடி இருந்தன. உழுவதும், பாரம் இழுப்பதும் அவற்றின் வேலை. "என் குதிரை உன் குதிரையை விடப் பலசாலி" என்று விவசாயிகள் பேசிக்கொள்வார்கள். பேச்சு வளரும். உடனே ஒரு பாரத்தைக் கட்டி இழுத்துப் பார்ப்பார்கள். அதுவே பந்தயம் ஆயிற்று.

பிறகு டிராக்டர் வந்தது. குதிரை லாயம் காலியாயிற்று. ஆனால், "என்னுடையது பலசாலி" என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை.

1929-ல் மிசௌரி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்ற ஊரிலும், ஒகையோ மாநிலத்தில் வான்ஸ்வில் என்ற ஊரிலும் டிராக்டர் இழுவைப் பந்தயம் நடந்தது. முதல் பந்தயங்கள் இவையே என்று சொல்லப்படுகிறது.

வெகு காலம் வரை ஊருக்கு ஊர் வேறு வேறு விதி இருந்தது. 1969-ல் பல மாநிலத்தார் கூடி, தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்துப் பொது விதிகளை எழுதினார்கள். அதன் பிறகு பெரும் பந்தயங்கள் ஒரு வழியாகவும், கிழ டிராக்டர் பந்தயங்கள் இன்னொரு வழியாகவும் போய்விட்டன.

பெரும் பந்தயத்தில் ஒரே வண்டியில் மூன்று, நான்கு என்ஜின்களைப் பூட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான குதிரைச் சக்தி! காது கிழியும். அது பணக்காரர் விளையாட்டு.

கிழ டிராக்டரோ அப்படியே பழைய கோலத்தில் வரும். 1939-ல் வெளிவந்த 'பார்மால்' சிவப்பு டிராக்டர் வரும். 1934-ல் வெளிவந்த 'ஜான் டீர் ஏ' என்ற பச்சை டிராக்டர் வரும். இந்தப் பச்சை டிராக்டருக்கு இரண்டே சிலிண்டர். ஆகவே "டப்... டப்... டப்" என்று விட்டு விட்டுச் சத்தம் போடும். கண்ணை மூடிக்கொண்டே, வருவது எந்த டிராக்டர் என்று கிழவர்கள் சொல்லிவிடுவார்கள். இவற்றைச் செய்த கம்பெனிகளில் பல இன்று இல்லை. கம்பெனி போனாலும் டிராக்டர் உழைக்கிறது.

அயோவா மாநிலத்தில் மௌண்ட் பிளசண்ட் என்ற ஊரில், 1950-ல் தொடங்கிய பழைய எந்திர விழா ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தை ஒட்டி அது நடக்கிறது. நீராவி எந்திரங்களும் பழைய டிராக்டர்களும் அங்கே அணிவகுத்து வரும்.

பாரம் கூடும் வண்டி

இழுக்கப்படும் பாரம் எப்படிப்பட்டது? அதில்தான் தந்திரம் இருக்கிறது.

முன்பெல்லாம் ஒரு தட்டையான சறுக்கு வண்டியை இழுப்பார்கள். வழி நெடுக ஆட்கள் நிற்பார்கள். வண்டி வர வர, ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொள்வார்கள். ஆள் ஏற ஏறப் பாரம் கூடும். ஓடுகிற வண்டியில் ஏறினால் கால் இடறாதா? இடறியது. காயம் பட்டது. டிராக்டர்களின் வேகம் கூடக்கூட, ஆள் ஏறும் முறை கைவிடப்பட்டது.

இப்போது பல இடங்களில் இருப்பது வேறு விதமான சறுக்கு வண்டி. அதற்கு முன்னால் ஒரு பெரிய இரும்புத் தகடு உண்டு. அது தரையோடு உராயும். பின்னால் சக்கரங்கள் உண்டு. சக்கரங்களுக்கு மேலே, எடை நிரப்பிய பெட்டி இருக்கும்.

டிராக்டர் இழுக்கத் தொடங்கும்போது எடை முழுவதும் சக்கரங்களின் மேல் இருக்கும். வண்டி லேசாக உருளும். வண்டி நகர நகர, பெட்டி தானாகவே முன்னால் வரும். எடை தகட்டின் மேல் இறங்கும். தகடு மண்ணை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 100 அடியில் "இவ்வளவுதானா?" என்று சிரித்த டிராக்டர், 200 அடியில் மூச்சு வாங்கும். 300 அடி போய்விட்டால், அது முழு இழுவை. ஒருவருக்கு மேல் முழு இழுவை இழுத்தால், எடையைக் கூட்டி மறுபடியும் இழுக்கச் சொல்வார்கள்.

பெரும்பாலான டிராக்டர்கள் நடுவிலேயே நின்றுவிடும். பின் சக்கரங்கள் மண்ணைத் தோண்டும். அந்த நிமிடம்தான் ஆபத்தான நிமிடம்.

வண்டி ஏன் குப்புறக் கவிழ்கிறது?

என்ஜின் பின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் சுழன்றால் வண்டி போகும். மண்ணில் புதைந்து சக்கரம் சுழல மறுத்தால்? என்ஜினின் சக்தி சும்மா இருக்குமா? சக்கரத்தைச் சுழற்ற முடியாத என்ஜின், வண்டியின் உடம்பையே சுழற்றப் பார்க்கும். முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். பின்புறச் சங்கிலி மேலும் பிடித்து இழுக்கும். வண்டி செங்குத்தாக நின்று, ஓட்டுகிறவர் மேல் மல்லாந்து விழும்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? முக்கால் நொடியில் வண்டி, திரும்பி வர முடியாத நிலைக்குப் போய்விடும். ஒன்றரை நொடியில் தரையில் கிடக்கும். "ஐயோ, தூக்குகிறதே!" என்று நினைத்து, கிளட்சில் கால் வைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்து அல்ல. 1917-ல் ஹென்றி போர்டு வெளியிட்ட 'போர்டுசன்' டிராக்டர் மலிவானது. லட்சக்கணக்கில் விற்றது. ஆனால், கலப்பை கல்லில் சிக்கினால் மல்லாந்து விழும் என்ற கெட்ட பெயரும் அதற்கு வந்தது. அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் இதற்கு ஒரு வழி கண்டார். கலப்பையை டிராக்டருடன் மூன்று இணைப்புகளால் மாட்டினார். கலப்பை சிக்கினால், மேல் இணைப்பு டிராக்டரின் முன்பக்கத்தைக் கீழே அழுத்தும். 1939-ல் போர்டு டிராக்டரில் இந்த அமைப்பு வந்தது. சென்னையில் 1960-ல் தொடங்கிய 'டாபே' கம்பெனியின் டிராக்டர்கள் மூலம் பெர்குசனின் பெயர் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் தெரியும்.

கலப்பைக்கு இந்த வழி உதவும். சறுக்கு வண்டியைச் சங்கிலியில் மாட்டி இழுக்கும்போது உதவாது. அங்கே உயிரைக் காப்பது கொக்கியின் உயரம்.

ஆசை காட்டும் கொக்கி

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பின் பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். முன் பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அமுங்கும். டிராக்டர் விஷயமும் அதுதான்.

சங்கிலி மாட்டும் கொக்கி பின்புறம் இருக்கிறது. கொக்கியைத் தாழ்வாக வைத்தால் முன் சக்கரம் தரையில் இருக்கும். சற்று எழும்பினாலும், கொக்கி இன்னும் தாழ்ந்துபோய், தூக்கும் சக்தி குறையும். வண்டி தானாகவே அடங்கிவிடும்.

கொக்கியை உயர்த்தினால்? முன்பக்கத்து எடை பின் சக்கரத்துக்கு மாறும். பின் சக்கரம் மண்ணை நன்றாகப் பிடிக்கும். கூடுதலான தூரம் இழுக்கலாம். கோப்பை கிடைக்கலாம். பின் சக்கர அச்சுக்கு மேலே கொக்கி போய்விட்டால், மல்லாந்து விழவும் கூடும்.

வெற்றிக்கும் சாவுக்கும் ஒரே கொக்கிதான். ஓர் அங்குலம் உயர்த்தினால் இத்தனை அடி கூடுதலாகப் போகலாம் என்று ஆசை காட்டும். ஆகவேதான், கொக்கியின் உயரத்தை ஓட்டுகிறவரின் இஷ்டத்துக்கு விடுவதில்லை. கிழ டிராக்டர் பந்தயம் நடத்தும் பல இடங்களில், தரையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேல் கொக்கி இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பந்தயத்துக்கு முன் அளவுகோலை வைத்து அளக்கிறார்கள். அளந்த பிறகு டயரில் காற்றைக் கூட்டி உயர்த்தப் பார்க்கும் கெட்டிக்காரர்களும் உண்டு! அதனால் நல்ல நடுவர்கள், இழுத்து முடித்த பிறகும் ஒரு முறை அளப்பார்கள்.

முன்பக்கம் தூக்காமல் இருக்க, முன்னால் இரும்பு எடைகளை மாட்டுவது உண்டு. ஆனால் பந்தயம் எடைப் பிரிவுகளாக நடக்கிறது. ஓட்டுகிறவரையும் சேர்த்து மொத்த எடை பார்க்கிறார்கள். முன்னால் 50 கிலோ வைத்தால், பின்னால் 50 கிலோ குறையும். எங்கே எத்தனை கிலோ என்று கணக்குப் போடுவதில்தான் ஓட்டுகிறவரின் சாமர்த்தியம் இருக்கிறது. முன் சக்கரம் தரையை லேசாகத் தொட்டும் தொடாமலும் போவதே நல்ல கணக்கு.

கைதட்டல்

இங்கே பொது மக்களையும் சொல்ல வேண்டும். முன் சக்கரம் ஒரு முழம் தூக்கினால் கூட்டம் கைதட்டுகிறது. தூக்காமல் ஒழுங்காக இழுத்துப் போனால் கொட்டாவி விடுகிறது. ஓட்டுகிறவரும் மனிதர்தானே? கைதட்டல் கேட்டால் கால் தானாகவே அழுத்தும். கொக்கியை அளக்கலாம், கைதட்டலை எந்த நடுவர் அளப்பார்?

கைதட்டலுக்காகவே டிராக்டர் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை இந்தியாவிலேயே பார்த்தாயிற்று. 2023 அக்டோபரில் பஞ்சாப் மாநிலம் குர்தாஸ்பூர் மாவட்டத்தில், ஒரு கிராமத்து விளையாட்டு விழாவில் ஓர் இளைஞர் டிராக்டர் வித்தை காட்டினார். அதே டிராக்டரில் நசுங்கி இறந்தார். கூட்டத்தின் கண் முன்னால் இது நடந்தது. சில நாட்களில், டிராக்டரை வைத்து வித்தை காட்டுவதற்கு முதல்வர் பகவந்த் மான் தடை போட்டார். வயலின் ராஜாவான டிராக்டரை எமதூதன் ஆக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

பஞ்சாப், அரியானா பக்கங்களில் இன்னொரு பழக்கமும் உண்டு. இரண்டு டிராக்டர்களை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் கட்டி இழுக்க விடுவார்கள். வேடிக்கை பார்க்க ஆட்கள் நெருங்கி நிற்பார்கள். சறுக்கு வண்டி பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டும். எதிரில் இருக்கும் டிராக்டரோ திடீரென்று வெட்டி இழுக்கும். அந்த வெட்டில் முன்பக்கம் எழும்பும், சங்கிலியும் அறும். இது இழுவைப் பந்தயத்தின் தம்பி அல்ல. பெயர் மட்டும் ஒன்று போல இருக்கிறது.

களத்தில் காவல்

ஒழுங்காக நடக்கும் பந்தயத்தில் என்ன செய்கிறார்கள்?

பின் சக்கரங்களுக்குப் பின்னால், உறுதியான இரண்டு இரும்புக் கால்கள் மாட்டச் சொல்கிறார்கள். வண்டி தூக்கினாலும், அந்தக் கால்கள் தரையில் ஊன்றி, மல்லாந்து விழாமல் தடுக்கும். அவை வண்டியின் முழு எடையைத் தாங்க வேண்டும். ஒப்புக்கு வெல்டு வைத்த குழாய் உதவாது.

என்ஜினை உடனே நிறுத்த ஒரு விசை வைக்கிறார்கள். அதிலிருந்து ஒரு கயிறு சறுக்கு வண்டிக்குப் போகும். சங்கிலி அறுந்தால் கயிறு விசையை இழுத்துவிடும், என்ஜின் நின்றுவிடும். ஓட்டுகிறவர் பதறிப்போய் ஒன்றும் செய்யாவிட்டாலும் என்ஜின் ஓடாது.

சங்கிலி மாட்டும்போது கியர் விடுபட்டிருக்க வேண்டும். டிராக்டருக்கும் சறுக்கு வண்டிக்கும் நடுவே வேறு யாரும் நிற்கக் கூடாது. சங்கிலியை முதலில் மெல்ல இழுத்து விறைப்பாக்க வேண்டும். தொங்கும் சங்கிலியோடு வெடுக்கென்று கிளம்பினால், முதல் அடியிலேயே முன்பக்கம் எழும்பும்.

டிராக்டரில் ஓட்டுகிறவரைத் தவிர வேறு ஆள் ஏறக் கூடாது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டிய தாத்தாக்களின் காலம் போய்விட்டது, போனதே நல்லது. இழுக்கும் வழியில் எடை ஏதாவது கழன்று விழுந்தால், அந்த இழுவை செல்லாது. மது அருந்தியவருக்குக் களத்தில் இடம் இல்லை. தீயணைக்கும் கருவி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் தடுப்புக்கு வெளியே, பக்கவாட்டில் நிற்க வேண்டும். டிராக்டர் வரும் திசைக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிவப்புக் கொடி பிடித்த ஒருவர் இருக்கிறார். கொடி ஆடினால், ஓட்டுகிறவர் அந்தக் கணமே கிளட்சை மிதிக்க வேண்டும். "இன்னும் பத்து அடி போயிருப்பேனே!" என்று வாதாடலாம். இழுத்து முடித்த பிறகு!

இரும்பு வளைவு வேண்டுமா?

இப்போது பழைய டிராக்டர்க்காரர்களுக்குள் தீராத வாதம் ஒன்று நடக்கிறது.

புதிய டிராக்டர்களில் ஓட்டுகிறவரின் தலைக்கு மேலே, அல்லது முதுகுக்குப் பின்னால், கனமான இரும்பு வளைவு ஒன்று இருக்கும். வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவர் நசுங்காமல் அது காக்கும். புது டிராக்டருக்கு இது கட்டாயம் என்று 1959-ல் ஸ்வீடன் முதன்முதலாகச் சட்டம் போட்டது. அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்கள் மிக மிகக் குறைந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1985 முதல் கம்பெனிகள் தாங்களாகவே இதைப் பொருத்தி விற்கத் தொடங்கின. வளைவும் இருந்து, இடுப்புப் பட்டையும் கட்டியிருந்தால், கவிழும்போது உயிர் பிழைப்பது ஏறக்குறைய நிச்சயம்.

1939-ம் ஆண்டு டிராக்டரில் வளைவு ஏது?

"இப்போது மாட்டிக்கொள்ளுங்கள்" என்கிறது ஒரு கட்சி. "மாட்டினால் பழைய அழகு கெட்டுப்போகும். என் அப்பா ஓட்டியபோது இருந்தது போலவே இருக்க வேண்டும்" என்கிறது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியைக் கேலி செய்யக் கூடாது. அந்த டிராக்டரை அவர்கள் வைத்திருப்பதே அந்த நினைவுக்காகத்தான்.

ஆனால், கண்காட்சியில் நிற்பது வேறு. பாரம் இழுப்பது வேறு. வளைவைத் திருகாணி போட்டு மாட்டலாம், கழற்றலாம். இழுக்கும் நாளில் மாட்டி, அணிவகுப்பு நாளில் கழற்றிவிட்டால் அழகும் கெடாது, ஆளும் பிழைப்பார். எல்லா மாடலுக்கும் பொருத்தமான வளைவு கிடைப்பதில்லை என்பது உண்மையான கஷ்டம். கிடைக்கும் மாடல்களுக்குச் செலவைக் குறைக்க உதவியும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 2006 முதல், பழைய டிராக்டருக்கு வளைவு போடுகிற விவசாயிகளுக்குச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவருகிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வளைவு இல்லாத டிராக்டரில் இடுப்புப் பட்டை கட்டக் கூடாது. வண்டி கவிழும்போது குதித்துத் தப்பக் கொஞ்சம் வழி இருக்கிறதே, அதையும் பட்டை அடைத்துவிடும். வளைவு உண்டானால் பட்டை கட்ட வேண்டும். வளைவு இல்லாவிட்டால் பட்டையும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் குழாயை வளைத்து வெல்டு வைத்து, "வளைவு போட்டுவிட்டேன்" என்று பட்டையைக் கட்டிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். சோதித்துப் பார்த்துச் செய்த வளைவே எடையைத் தாங்கும்.

வீடு திரும்பும் நேரம்

பந்தயம் முடிந்து, கோப்பை கொடுத்து, கூட்டம் கலைந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டிராக்டரை லாரியில் ஏற்ற வேண்டும்.

இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்து, அவற்றின் மேல் ஓட்டி ஏற்றுவார்கள். பொழுது சாய்ந்திருக்கும். ஓட்டுகிறவர் களைத்திருப்பார். கொடி பிடிப்பவர் வீட்டுக்குப் போயிருப்பார். பந்தயத்துக்கு மாட்டிய எடைகளை இடம் மாற்றாமல் அப்படியே விட்டிருந்தால், பின் பாரம் அதிகமாக இருக்கும். பலகையின் சாய்வில் முன்பக்கம் இன்னும் லேசாகிவிடும். பகலெல்லாம் அளந்து அளந்து தவிர்த்த அதே ஆபத்து, இங்கே அளவுகோல் இல்லாமல் வந்து நிற்கும்.

அனுபவம் உள்ளவர்கள் டிராக்டரை ஓட்டி ஏற்றுவதில்லை. லாரியில் ஒரு கம்பி வடச் சுருள் வைத்திருக்கிறார்கள். என்ஜினை நிறுத்திவிட்டு, வடத்தால் மெல்ல இழுத்து மேலே ஏற்றுகிறார்கள். அதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் வீட்டம்மாள் ஃபிளாஸ்க்கில் மிச்சம் இருக்கும் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிடுவார்.